மஞ்சள் கட்டத்தில் இரண்டு ஆசாத்

திண்டுக்கல்,
7 ஜூலை 2024

அன்புத் தங்கை ஜெஸ்ஸிக்கு அண்ணன் ஞானராஜ் எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் உன் மதினி அமலியும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். பெங்களூரில் மழை உண்டா? உன் சளி விட்டதா?

கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். பொட்டலத்தில் ஒரு சின்ன டப்பா இருக்கும். அது கேமரா ஃபிலிம். வெளிச்சத்தில் உருவிவிடாதே. அதைத் தனியாக அனுப்ப மனசு வரவில்லை, கூட நாலு வரி வைக்கிறேன்.

நம் பங்குச்சாமிக்கு மாற்றல் வந்தது. சாமான்களை வேனில் ஏற்றிக் கட்டிக்கொடுத்தேன். கிளம்பும்போது ஒரு தோல் பையை என் கையில் திணித்தார். "ஓட்டை பஸ்ஸயே இருவத்தேழு வருசம் ஓட்டுனவன் நீ. இதையும் ஓட்டிருவ" என்றார். உள்ளே ஜப்பானில் செய்த பழைய கேமரா. எனக்கு மூத்தது. செங்கல் கனம் கனக்கிறது. திரை கிடையாது, பேட்டரி கிடையாது. வெளிச்சத்துக்கு ஒரு வளையம், தூரத்துக்கு ஒரு வளையம், ஒவ்வொரு படத்துக்கும் கியர் போடுவதுபோல் ஒரு தள்ளு.

மூலையில் இருக்கும் சின்ன ஜன்னல் வழியாகப் பார்க்க வேண்டும். நடுவில் மஞ்சளாக ஒரு கட்டம். அதற்குள் ஆள் இரண்டாகத் தெரிவான். தூர வளையத்தைத் திருப்பினால் இரண்டு பேரும் நெருங்கி வந்து ஒன்றாகச் சேர்வார்கள். சேர்ந்த இடத்தில் அமுக்கினால் படம் தெளிவாக விழும் என்று சாமி சொல்லிக்கொடுத்தார்.

ஃபிலிமைக் கழுவ இங்கே ஆள் இல்லை. உன் தெருப் பக்கம் இதற்கென்றே ஒரு லேப் இருப்பதாகச் சொன்னாயே. கொடுத்துப் பார். முப்பத்தாறு படமும் அருமையாக வந்திருக்கும்.

போன கிறிஸ்மஸுக்கு நீ வரவில்லை. இந்த வருஷமாவது வா.

அன்புடன்,
ஞானராஜ்


பெங்களூரு,
24 ஜூலை 2024

அன்புள்ள அண்ணனுக்கும் மதினிக்கும், இங்கே இருவரும் நலம். சளி போய்விட்டது. மழை மட்டும் போகவில்லை. உங்கள் நலத்தைத் தவறாமல் எழுதுங்கள்.

அண்ணே, உன் ரோலை லேப்பில் கொடுத்தேன். அதை நடத்துகிறவர் பெயர் அஸ்பாக். ஒரு மணி நேரம் கழித்துக் கழுவின ஃபிலிமைத் தூக்கிக் காட்டினார். கண்ணாடிபோல் இருந்தது. ஒரு கொசு விழுந்த தடம்கூட இல்லை.

"அக்கா, உங்க அண்ணன் லென்ஸ் மூடியக் கழட்டவே இல்ல" என்றார்.

"அப்படின்னா எப்படிப் பார்த்து எடுத்திருப்பாரு?"

"இந்த மாதிரிக் கேமராவுல பாக்குற ஜன்னல் வேற, லென்ஸ் வேற. மூடி போட்டிருந்தாலும் ஜன்னல்ல ஊரே தெரியும். புதுசா எடுக்குறவங்க எல்லாரும் ஒரு தடவ இதச் செய்வாங்க. என்ன, உங்க அண்ணன் முப்பத்தாறு தடவ செஞ்சிருக்காரு."

நானும் அவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். கோபித்துக்கொள்ளாதே. இரண்டு புது ரோல் அனுப்பியிருக்கிறேன். மூடியைக் கழற்றி மதினியிடம் கொடுத்துவிட்டு எடு. கடிதமும் கட்டாயம் வை. போனில் நீ "ம்... சரி... வெச்சுரவா" என்பதற்கு மேல் பேசியதே இல்லை. கடிதத்தில் இவ்வளவு பேசுகிறாய்.

பிரியமுள்ள தங்கை,
ஜெஸ்ஸி


திண்டுக்கல்,
11 ஆகஸ்ட் 2024

அன்புத் தங்கைக்கு ஞானராஜ். நாங்கள் சுகம். உன் கடிதத்தை உன் மதினி இரண்டு தரம் சத்தமாக வாசித்தாள், மூடி வரும் இடத்தை மட்டும் நாலு தரம். கண்டக்டர் ஆசாத் வரை சேதி போய்விட்டது. பஸ் ஸ்டாண்டில் இப்போது எனக்குப் பெயர் "மூடி". நீ நன்றாக இருப்பாய்.

இந்த ரோலில் மூடி இல்லை, சத்தியம். பூ மார்க்கெட்டில் எடுத்தேன். மல்லிகை மூட்டையை அவிழ்த்துக் கொட்டினால் தரையெல்லாம் வெள்ளைக் குவியல், நடுவில் சாக்கு விரித்து ஒருவன் தூங்குகிறான். சின்னாளப்பட்டிக்குப் போய்ச் சுங்குடிச் சேலை காயப் போட்ட இடத்தில் ஆறு படம். மலைக்கோட்டைப் பாறையில் இரண்டு. ஆசாத்தை பஸ் படியில் நிற்க வைத்து நாலு எடுத்தேன். தலையைச் சீவிக்கொண்டு வந்து நின்றான். "அண்ணே, பொண்ணு வீட்டுக்குக் குடுக்குற மாதிரி எடு" என்றான். அவனுக்கு மூன்று பிள்ளைகள்.

ஒரு குறை. மஞ்சள் கட்டத்தில் ஆசாத் இரண்டாகத் தெரிகிறான், சரி. ஆனால் வளையத்தை எந்தக் கோடிக்குத் திருகினாலும் இரண்டு ஆசாத்தும் ஒன்றாகவில்லை. கிட்டே வருகிறார்கள், ஒட்ட மாட்டேன் என்கிறார்கள். கேமராவுக்கு வயசாகிவிட்டது போல. குத்துமதிப்பாக அமுக்கினேன்.

கடைசி மூன்று படம் உன் மதினி எடுத்தது. வீட்டில் உட்கார்ந்திருந்த என்னை, வேண்டாம் என்று சொல்லச் சொல்ல எடுத்தாள்.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

ஞானராஜ்


பெங்களூரு,
30 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணனுக்கு, நாங்கள் சௌக்கியம். பள்ளியில் காலாண்டுத் தேர்வு வருகிறது. கணக்கு டீச்சர் வீட்டில் அடுப்பைவிடக் கேள்வித்தாள்தான் சூடாக இருக்கிறது. மதினிக்குக் கால்வலி எப்படி இருக்கிறது?

படங்கள் விழுந்திருக்கின்றன அண்ணே! எல்லாவற்றையும் பிரின்ட் போட்டு அனுப்பியிருக்கிறேன். பூக்குவியல் நடுவில் தூங்குகிறவனை மேஜைமேல் வைத்திருக்கிறேன். வெளிச்சத்தை நீ கணக்குப் பண்ணியதை அஸ்பாக் மெச்சினார். மீட்டர் இல்லாமல் இப்படி எடுப்பது பெரிய காரியமாம்.

ஆனால் நீ எடுத்தவை எல்லாமே புகை மூட்டமாக இருக்கின்றன. ஆசாத்துக்கு மூக்கு இருப்பது எனக்குத் தெரியும் என்பதால்தான் இருக்கிறது என்கிறேன். "கேமரா பழுதா?" என்று அஸ்பாக்கிடம் கேட்டேன். அவர் மதினி எடுத்த மூன்றையும் எடுத்துப் போட்டார். "பழுதுன்னா இது எப்படிக்கா வந்துச்சு?" என்றார். அந்த மூன்றும் அவ்வளவு தெளிவு. உன் மீசையில் நரைமுடியை எண்ணலாம். பின்னால் சுவரில் தொங்கும் தேதிக் காலண்டரைக்கூட வாசிக்க முடிகிறது. ஆகஸ்ட் ஆறு, செவ்வாய். பக்கத்துக் கடிகாரத்தில் பதினொன்று பத்து.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு நீ லுங்கியோடு வீட்டில் இருக்கிறாய். லீவா?

பதில் எழுது.

ஜெஸ்ஸி


திண்டுக்கல்,
20 அக்டோபர் 2024

அன்புத் தங்கைக்கு ஞானராஜ். சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும். பதில் எழுத ஏழு வாரம் ஆகிவிட்டது. இங்கே நல்ல மழை. வடமதுரைப் பக்கம் குளத்தில் தண்ணீர் ஏறிவிட்டது. உன் மதினி கால்வலிக்குப் புதுத் தைலம் போடுகிறாள், வீடெல்லாம் ஒரே நெடி.

காலண்டர் தாளை உன் மதினி கிழிக்க மறந்திருப்பாள். கடிகாரம் நின்றுபோயிருக்கும். அதையெல்லாமா பார்ப்பது? படத்தைப் பார்.

இந்த ரோலுக்குப் புது வழி கண்டுபிடித்துவிட்டேன். மஞ்சள் கட்டத்தை நம்புவதே இல்லை. ஆளை நிறுத்தி, அவனிடமிருந்து காலடியால் அளந்துகொண்டே பின்னால் வருகிறேன். பத்தடி என்றால் வளையத்தில் பத்து. அவ்வளவுதான். ஆசாத் கேட்கிறான், "படம் எடுக்குறியா, பட்டா அளக்குறியா?" என்று. தெருவில் போகிறவர்கள் நான் எங்கேயோ இடம் வாங்கப் போகிறேன் என்று நினைக்கிறார்கள்.

வேறு விசேஷம் இல்லை. தீபாவளிக்குப் பக்கத்து வீட்டுப் பலகாரம் வரும், உன் பங்கையும் நானே சாப்பிடுவேன்.

ஞானராஜ்


பெங்களூரு,
4 நவம்பர் 2024

பிரியமுள்ள மதினிக்கு ஜெஸ்ஸி எழுதுவது. நானும் உங்கள் தம்பியும் நலம். உங்கள் கால் தேவலையா? தைலத்தோடு சுடுதண்ணீர் ஒத்தடமும் கொடுங்கள்.

இந்தக் கடிதம் உங்களுக்கு மட்டும். அண்ணனின் புது ரோலைக் கழுவிப் பார்த்தேன். காலால் அளந்து எடுத்ததெல்லாம் தெளிவாக விழுந்திருக்கின்றன. போன ரோலில் கண்ணால் பார்த்து எடுத்தது ஒன்றுகூடத் தேறவில்லை. எல்லாப் படத்திலும் நிழல் காலடியில் கிடக்கிறது. அத்தனையும் உச்சிவேளையில் எடுத்தவை. அந்த நேரத்தில் அண்ணன் வண்டியோடு ஐயலூரில் அல்லவா இருக்க வேண்டும்?

கேமரா நன்றாக இருக்கிறது. கேமராவுக்குப் பின்னால் இருப்பதுதான் சரியில்லை என்று எனக்குப் படுகிறது.

அண்ணனுக்குக் கண்ணில் என்ன? அந்தக் கண்ணோடு பஸ் ஓட்டுகிறாரா, இல்லையா? அறுபது பேர் ஏறுகிற வண்டி மதினி. இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. மறைக்காமல் எழுதுங்கள்.

ஜெஸ்ஸி


திண்டுக்கல்,
12 நவம்பர் 2024

அன்பான ஜெஸ்ஸிக்கு அமலி. உன் கடிதம் கிடைத்தது. கால்வலியை விடு, அது என்னோடு இருந்துகொள்ளும். நீ முதலில் சாப்பிடு. உன் அண்ணன் வண்டி ஓட்டவில்லை. அதில் பயப்படாதே.

மே மாசம் ஒரு நாள், பொழுது சாயும் நேரம். தாமரைப்பாடி தாண்டி எதிரே ஒரு டிராக்டர் வந்திருக்கிறது. இவர் கண்ணுக்கு அது இரண்டாகத் தெரிந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் போக வழி இல்லையே என்று வண்டியை மண்ணில் இறக்கிவிட்டார். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆசாத் இறங்கிப் பார்த்து, "என்னண்ணே, காலி ரோட்டுல எறக்கிட்ட?" என்றிருக்கிறான். மறுநாள் காலையில் குளித்து, யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு போனவர், முதலாளி பெருமாள்சாமி கையில் சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். முதலாளி விடவில்லை. சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் நின்று வண்டி நேரம் குறிக்கிற வேலை கொடுத்திருக்கிறார். பகலெல்லாம் சும்மா இருக்கிறார். அதற்குத்தான் அந்தக் கேமரா நல்ல துணை.

கண்ணில் புரை. வலது கண்ணில் முற்றிவிட்டது, இடது கண்ணில் இப்போதுதான் தொடக்கம். ஆபரேஷன் செய்தால் சரியாகும் என்று டாக்டர் சொன்னார். இவர் மாட்டேன் என்கிறார். "எங்கப்பாவுக்கு ஆபரேசன் பண்ணித்தான் ஒரு கண்ணு போச்சு. எனக்கு மங்கலாவாச்சும் தெரியுது. அது போதும்டி" என்கிறார். நான் அழுதும் பார்த்தேன், பேசாமல் இருந்தும் பார்த்தேன்.

உனக்குத் தெரியக்கூடாது என்று மாதா படத்தில் அடிக்கவைத்துச் சத்தியம் வாங்கினார். நீயாகவே கண்டுபிடித்துவிட்டாய், என் சத்தியம் தப்பித்தது.

அமலி


பெங்களூரு,
20 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு, நலம். மதினிமேல் கோபப்படாதே. உன் படங்கள்தான் உன்னைக் காட்டிக்கொடுத்தன.

மறுநாளே சாவியைக் கொடுத்தாயே, அதற்கு உன் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும். இருபத்தேழு வருஷப் பெயரை ஒரே காலையில் இறக்கி வைக்க எத்தனை பேரால் முடியும்? அதை ஏன் என்னிடம் மறைத்தாய்? வெட்கப்பட அதில் என்ன இருக்கிறது?

இப்போது என் முறை. இரண்டு விஷயம் உன்னிடம் மறைத்திருக்கிறேன்.

அப்பாவின் கண்ணை ஆபரேஷன் கெடுக்கவில்லை. நீ அப்போது லாரியில் நாக்பூர் போயிருந்தாய். மூன்றாம் நாள் அப்பா கண்கட்டை அவிழ்த்துத் தூக்கி எறிந்துவிட்டு, மிளகாய்த் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனார். சேற்றுக் கையால் கண்ணைக் கசக்கினார். நான் வரப்பில் நின்று பார்த்தேன். "வெளிய சொல்லாதடி, அப்பாவக் கேவலமாப் பேசுவாக" என்று அம்மா என் வாயை மூடினாள். அம்மா போன பிறகும் நான் மூடியே வைத்திருந்தேன். அது இவ்வளவு தூரம் வந்து உன் கண்ணை மறைக்கும் என்று தெரிந்திருந்தால் அன்றைக்கே கத்தியிருப்பேன்.

இரண்டாவது. போன கிறிஸ்மஸுக்கு நான் வராததற்குப் பள்ளிக்கூட வேலை காரணம் இல்லை. எனக்கும் புரை. நாற்பத்தேழு வயசில். கரும்பலகையில் நானே எழுதின எட்டு எனக்கு மூன்றாகத் தெரிந்தது. டிசம்பரில் இரண்டு கண்ணிலும் ஆபரேஷன் செய்துகொண்டேன். சொன்னால் அப்பாவை நினைத்து நீ பயந்துபோவாய் என்று சொல்லவில்லை. உன் படத்தில் பின்சுவர்க் காலண்டரை வாசித்தது அந்தக் கண்தான்.

என் கண்ணால் பார்த்துச் சொல்கிறேன், போய்ச் செய்துகொள்.

ஜெஸ்ஸி


திண்டுக்கல்,
2 டிசம்பர் 2024

ஜெஸ்ஸிக்கு,

சுகமா என்று கேட்கப் போவதில்லை. கேட்டாலும் நீ உண்மையைச் சொல்ல மாட்டாய்.

ஏண்டி கழுதை, இரண்டு கண்ணையும் அறுத்துக்கொண்டு படுத்திருந்தபோது ஒரு வார்த்தை சொல்ல உனக்கு அண்ணன் இல்லையா? உன் மதினி வந்து கஞ்சி வைத்துக் கொடுத்திருக்க மாட்டாளா? கடிதத்தை வாசித்துவிட்டு வெளியே போய்விட்டேன். குளத்துக் கரையில் செத்த நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்பா மிளகாய்த் தோட்டத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்பது தெரிந்தது. அவர்மேல் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. அந்த மனுஷன் வேறு என்ன செய்திருப்பார்!

உன்னைத் திட்ட இன்னும் இரண்டு பக்கம் பாக்கி இருக்கிறது. ஆனால் நானும் அதையேதான் செய்திருக்கிறேன் என்று உன் மதினி பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள்.

பத்தாம் தேதி மதுரைக்குப் போறேன். போதுமா?

அண்ணன்


மதுரை,
11 டிசம்பர் 2024

அன்பான ஜெஸ்ஸிக்கு அமலி. ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். நேற்று ஆபரேஷன் முடிந்தது. நல்லபடியாக இருக்கிறார். போனில் சொன்னதுதான், இருந்தாலும் ஒரு கூத்தை எழுதினால்தான் எனக்கு ஆறும்.

உள்ளே போகும்வரை கையில் செபமாலையை இறுக்கிப் பிடித்திருந்தார். முழித்திருக்கும்போதே செய்கிற ஆபரேஷன் இல்லையா, மேஜையில் படுத்ததும் பயத்தில் செபமெல்லாம் மறந்துபோயிருக்கிறது. வாயில் வந்ததைச் சொல்ல ஆரம்பித்திருக்கிறார். என்ன வந்தது தெரியுமா? "திண்டுக்கல்லு, தாமரைப்பாடி, வடமதுரை, ஐயலூரு... ஐயலூரு, வடமதுரை, தாமரைப்பாடி, திண்டுக்கல்லு..." டாக்டர் தன் பாட்டுக்கு வேலையைப் பார்த்திருக்கிறார். மூன்றாவது நடை ஐயலூருக்கு வரும்போது குனிந்து, "ஸ்டாப்பிங் வந்துருச்சுண்ணே, எறங்குங்க" என்றாராம்.

வெளியே வந்து என்னிடம் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சிரிக்கக்கூடாது, கண் அதிரும் என்று நர்ஸ் வந்து அதட்டினாள்.

கண்கட்டின் மேல் அவர் கை படாமல் நான் காவல் இருக்கிறேன். இந்த வீட்டில் இனிமேல் யாரும் மிளகாய்த் தோட்டத்துக்குப் போக முடியாது.

அமலி


திண்டுக்கல்,
9 பிப்ரவரி 2025

என் அன்புத் தங்கை ஜெஸ்ஸிக்கும் மாப்பிள்ளைக்கும் ஞானராஜ். இந்தத் தடவை நிஜமாகவே சுகம். உன் கண் எப்படி இருக்கிறது? உள்ளதை எழுது.

கிறிஸ்மஸுக்கு நீ வந்து போனபோது பேச நேரமே கிடைக்கவில்லை. தலைக்குத் தண்ணீர் விடாதே, குனியாதே என்று நீங்கள் இரண்டு பேரும் என்னை விரட்டியதிலேயே நாலு நாளும் போய்விட்டது. அதனால் இதை எழுதுகிறேன்.

வீட்டுச் சுவர் வெள்ளையாம் ஜெஸ்ஸி. நான் மஞ்சள் என்று நினைத்துக்கொண்டு, இந்த வருஷம் சுண்ணாம்பு அடிக்க வேண்டும் என்று இருந்தேன். சின்னாளப்பட்டியில் பழுப்பு என்று நினைத்து உன் மதினிக்கு நான் எடுத்த சேலை கத்திரிப்பூ நிறம். "இத்தன நாளு ஏன் சொல்லல?" என்றேன். "நீங்க ஆசையா பழுப்பு பழுப்புன்னு சொன்னீக. நல்லாத்தான இருக்குன்னு கட்டிக்கிட்டேன்" என்றாள். போன ஞாயிறு அந்தச் சேலையில் அவளை வாசலில் நிறுத்தினேன். மஞ்சள் கட்டத்தில் இரண்டு அமலி. வளையத்தைத் திருப்பினேன். வழுக்கிக்கொண்டு வந்து இரண்டு பேரும் ஒன்றானார்கள். காது ஓரமெல்லாம் நரைத்திருக்கிறது. எப்போது நரைத்தது என்று எனக்குத் தெரியவே தெரியாது. அமுக்காமல் பார்த்துக்கொண்டே நின்றேன். "சீக்கிரம் அமுக்குங்க, அடுப்புல வெஞ்சனம் கருகுது" என்றாள். கருகித்தான் போனது. அதைத்தான் சாப்பிட்டோம்.

கண் டாக்டர் சான்றிதழ் கொடுத்துவிட்டார். வியாழக்கிழமை முதலாளி சாவியை என் கையில் வைத்தார்.

முதல் நடை, காலை ஆறு மணி, நல்ல பனி. வடமதுரைக்கு இந்தப் பக்கம் ஸ்டாப்பிங் இல்லாத ஒரு திருப்பத்தில் பேச்சாயி என்று ஒரு பூக்காரம்மா கூடையோடு நிற்கும். வருஷக்கணக்காக நான் அதற்கு நிறுத்துவேன். நான் பிரேக்கில் கால் வைத்ததும் ஆசாத் சத்தம் போட்டான்.

"ஏண்ணே நிறுத்துற? யாரும் இல்ல, போ!"

மறுபடியும் இல்லாத ஒன்றைப் பார்க்கிறேனோ என்று கண்ணைக் கொட்டிவிட்டுப் பார்த்தேன். ஆனாலும் தெளிவாகத் தெரிகிறது, ஒரே ஆள்.

"பேச்சாயி நிக்கிது. எடது கையில கூடை. தலையில பச்சைத் துண்டு."

"எங்கண்ணே?"

நிறுத்தினேன். பனிக்குள்ளிருந்து பச்சைத் துண்டு வந்து படியில் ஏறியது. "என்னா அப்பு, இம்புட்டு நாளா எங்க போன? அந்தப் புது டிரைவரு என்னையப் பாக்காமயே போயிருவான்" என்று சொல்லி, கூடையிலிருந்து ஒரு முழம் மல்லிகையை எடுத்துக் கண்ணாடி மேலே தொங்கவிட்டது.

ஆசாத் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊதாமல் நின்றான். அப்புறம் என் காதுக்குப் பக்கத்தில் குனிந்து மெதுவாகக் கேட்டான்: "அண்ணே, அந்த மதுரை ஆஸ்பத்திரி ஞாயித்துக்கிழமை உண்டா?"

உன் அண்ணன்,
ஞானராஜ்